பிரிந்த பிறகு பிள்ளையோடு ஊருக்குப் போவது எப்படி: ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு

போன வருடம் தை மாதம் என் தம்பி கல்யாணம் திருச்சியில் நடந்தது. நானும் என் மகளும் அதைச் சிட்னியில், சமையலறை மேசையில் சாய்த்து வைத்த போனில் பார்த்தோம். தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாக நெட் நின்றுவிட்டது. டிக்கெட் வாங்கியிருந்தேன், பட்டுப்பாவாடை தைத்து வைத்திருந்தேன், பள்ளியிலும் சொல்லியாகிவிட்டது. அவள் அப்பாவின் சம்மதம் மட்டும் எழுத்தில் இல்லை. பணம் திரும்பாத டிக்கெட் என்பதால் 1,840 டாலர் போயே போனது.

இந்த வருடம் முறையாகப் போய்விட்டு முறையாகத் திரும்பினோம். நடுவில் பதினோரு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. நீதிமன்றக் கட்டணங்கள் பொதுவாக ஜூலையிலும் பாஸ்போர்ட் கட்டணம் ஜனவரியிலும் ஏறும்; அதனால் தோராயத் தொகைதான் கொடுத்திருக்கிறேன், கட்டும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் முதலிலேயே. அடி, மிரட்டல், பணத்தைப் பிடித்து வைப்பது போன்றவை உங்கள் வீட்டில் நடந்திருந்தால், கீழே "பேசி முடியுங்கள்" என்று நான் சொல்வது உங்களுக்கு இல்லை. முதலில் குடும்ப வன்முறை உதவி எண்ணான 1800 737 732-ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் 131 450-இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

1. கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள்

"விவாகரத்து ஆனால்தான் பிள்ளை விஷயத்துக்கு ஆர்டர் வாங்க முடியும்" என்று என்னிடம் குறைந்தது நாலு பேர் சொன்னார்கள். தவறு. விவாகரத்துக்கு 12 மாதம் பிரிந்திருக்க வேண்டும், கட்டணமும் ஆயிரம் டாலரைத் தாண்டும். பிள்ளைக்கான ஏற்பாட்டுக்கு அதோடு சம்பந்தமே இல்லை. பிரிந்த மறுவாரமே செய்யலாம்.

நீங்கள் மூன்றில் ஒரு நிலையில் இருப்பீர்கள்.

ஒன்றுமே எழுதவில்லை, வாய்ப்பேச்சுதான்: பிள்ளையை வெளிநாடு அழைத்துப் போவது இந்த நிலையில் தன்னளவில் குற்றம் ஆகாது. அதற்காகத் துணிந்து கிளம்பிவிடாதீர்கள். மற்றவர் அவசர மனு போட்டால் விமான நிலையத்திலேயே நிறுத்தப்படலாம். அதற்குப் பிறகு எந்த நீதிபதி முன்னால் நின்றாலும் "சொல்லாமல் கிளம்பியவர்" என்ற பெயரோடுதான் நிற்பீர்கள்.

பேரண்டிங் பிளான் இருக்கிறது: இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். செலவில்லை, நல்லதுதான். ஆனால் மற்றவர் மீறினால் நீதிமன்றத்தில் அதைக் காட்டி அமல்படுத்தச் சொல்ல முடியாது. எனக்கு இருந்தது இதுதான். அதில் "விடுமுறையில் ஊருக்குப் போகலாம்" என்று ஒரே ஒரு வரி. எந்த ஊர், எத்தனை நாள், யார் பாஸ்போர்ட் தருவது, ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் டிக்கெட் போட்டேன்.

நீதிமன்ற ஆர்டர் இருக்கிறது, அல்லது வழக்கு நடக்கிறது: இங்கேதான் சட்டம் கடுமை. 1975-ஆம் ஆண்டு குடும்பச் சட்டப்படி, ஆர்டர் இருக்கும்போதோ வழக்கு நிலுவையில் இருக்கும்போதோ மற்றவரின் எழுத்துப்பூர்வமான, முறையாகச் சாட்சி பெற்ற சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை நாட்டை விட்டு அழைத்துப் போனால் 3 ஆண்டு வரை சிறை. "வாட்ஸ்அப்பில் சரி என்று சொன்னாரே" என்பது இதற்குப் போதாது. அனுமதித்த தேதியைத் தாண்டிப் பிள்ளையை வெளிநாட்டிலேயே வைத்துக்கொள்வதும் தனிக் குற்றம்.

இன்னொன்று. பழைய அறிவுரைகளை நம்பாதீர்கள். 2024 மே 6 முதல் சட்டம் மாறிவிட்டது. பெற்றோர் இருவருக்கும் சம பொறுப்பு என்று நீதிமன்றம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும் பழைய விதி இப்போது கிடையாது. பிள்ளைக்கு எது பாதுகாப்பு, எது நல்லது என்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். "ஆளுக்குப் பாதி நாள், அதுதான் சட்டம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

2. மீடியேஷனுக்குப் பெயர் கொடுங்கள்

மீடியேஷன் என்றால் ஒரு நடுவரை வைத்துப் பேசி முடிப்பது. 1800 050 321-ஐ அழைத்தால் அதை நடத்தும், பக்கத்தில் இருக்கும் குடும்ப உறவு மையத்தைச் சொல்வார்கள். அரசு நிதியில் நடப்பவை. முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் வருமானத்தைப் பொறுத்துச் சின்னக் கட்டணம். எனக்கு ஏழு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் இன்று பேசிக்கொள்ளலாம் என்று தோன்றாவிட்டாலும் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள்.

இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும் என்றில்லை. எங்களைத் தனித்தனி அறையில் வைத்து, நடுவர்தான் மாறி மாறி நடந்தார். உடன்பாடு வராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள். பின்னால் நீதிமன்றத்தில் மனு போட அது வேண்டும், 12 மாதம் செல்லும். அவசரம், வன்முறை போன்ற சில நிலைகளில் இந்தப் படி தேவையில்லை.

அந்த அறைக்குப் போகும்போது ஒரு கேள்விக்குப் பதில் எடுத்துப் போங்கள்: மற்றவர் எதற்குப் பயப்படுகிறார்? முதல் தடவை நான் "என் பிள்ளையை என் அம்மாவிடம் காட்ட இவர் யார் அனுமதி தர" என்ற கோபத்தில் போனேன். அவர் பயம் வேறு. பிள்ளையைக் கடத்திப் போவதற்கு எதிரான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆஸ்திரேலியா, இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா எல்லாம் அதில் உண்டு. இந்தியா, மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் நாடென்றால் பிள்ளையைத் திருப்பி அனுப்ப ஓர் அரசு வழி உண்டு. இந்தியாவில் அப்படி இல்லை. பிள்ளையின் நலன் எது என்று அங்கே நீதிமன்றம் புதிதாக ஆராயும். வெளிநாட்டு ஆர்டர் அந்த ஆராய்ச்சியில் ஓர் அம்சம் மட்டுமே. 2017-இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது.

அவர் அப்பா இதை யாரிடமோ கேட்டு வந்து ஊதிப் பெரிதாக்கினார் என்பது வேறு கதை. ஆனால் பயத்துக்கு அடிப்படை இருந்தது. அதை நான் ஒப்புக்கொண்ட நாளில்தான் பேச்சு நகர்ந்தது. யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போகிறவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் எளிது. இலங்கை ஒப்பந்தத்தில் இருப்பதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பயணப் பிரிவை வரிவரியாக எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். நாள் ஏற்பாடு, பள்ளி, மருத்துவம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் "வெளிநாட்டுப் பயணம் பரஸ்பர சம்மதத்துடன்" என்று முடித்துவிடுவார்கள். பரஸ்பர சம்மதம் இருந்தால் அந்த வரியே எதற்கு? இப்படி எழுதிக்கொண்டால் ஒவ்வொரு பயணத்துக்கும் முதலிலிருந்து சண்டை போட வேண்டியதுதான்.

எங்கள் ஆர்டரில் இப்போது இருப்பது:

எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும். எங்களுக்கு 60 நாள். மின்னஞ்சலில் மட்டும். 14 நாளுக்குள் காரணத்தோடு மறுக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். இந்தப் பதினாலு நாள் வரியை விட்டுவிடாதீர்கள், பதில் சொல்லாமலே இழுத்தடிப்பதுதான் வழக்கமான முறை.

எத்தனை நாள். நியூ சவுத் வேல்ஸில் கோடை விடுமுறை ஏறக்குறைய ஆறு வாரம். பாதி அவருக்கு, பாதி எனக்கு என்று இருந்தால் ஊருக்கு மூன்று வாரம்தான் கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒருவருக்கு நாலு வாரம், பதிலுக்கு அடுத்த விடுமுறையில் மற்றவருக்குக் கூடுதல் நாள் என்று எழுதிக்கொண்டோம்.

எந்த விழா யாருக்கு. "கிறிஸ்துமஸ், ஈஸ்டர்" என்று அச்சடித்த மாதிரிப் படிவத்தில் இருக்கும். நம் பண்டிகைகளை நாமே போட வேண்டும். பொங்கல் கோடை விடுமுறைக்குள் வரும், அதனால் பயணத்தோடு மோதும்: ஒற்றைப்படை வருடம் எனக்கு, இரட்டைப்படை அவருக்கு. ஏப்ரல் 14 பெரும்பாலும் விடுமுறைக்குள்ளேயே விழுகிறது. தீபாவளி பள்ளி நடக்கும் காலத்தில் வரும், அன்று மாலை மூன்று மணி நேரம் மற்றவருக்கு. ஆகஸ்ட் மாத நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள், பள்ளி நாளில் விடுப்பு எடுக்க இருவரும் சம்மதிப்பதாகத் தனி வரி எழுதிக்கொள்ளுங்கள். முதல்வரிடமும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

எந்த நாடுகள். போகும் நாடு மட்டும் போதாது, வழியில் மாறும் நாட்டையும் எழுதுங்கள். திருச்சிக்குச் சிங்கப்பூர் வழியாகவும் போகலாம், கோலாலம்பூர் வழியாகவும் போகலாம். கோலாலம்பூர் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. ஆனால் ஹேக் ஒப்பந்தத்தில் இல்லாத இன்னொரு நாடு என்று அவர் வழக்கறிஞர் ஒரு பத்தி எழுதினார். 160 டாலர் கூடக் கொடுத்துச் சிங்கப்பூர் வழியே போனேன். வழக்கறிஞர் கடிதம் ஒன்றுக்கு ஆகும் செலவை நினைத்தால் லாபம்தான்.

பாஸ்போர்ட் யாரிடம். என்னிடம் இருக்கும், அவர் பயணம் போனால் 14 நாள் முன்னால் தர வேண்டும், திரும்பிய 7 நாளுக்குள் என்னிடம் வர வேண்டும். உங்கள் வீட்டில் இது நேர்மாறாக இருக்கலாம். யாரிடம் என்பதைவிட எத்தனை நாளில் என்பதுதான் முக்கியம்.

பேசும் நேரம். "தினமும் வீடியோ அழைப்பு" என்று எழுதிவிட்டு இரு பக்கமும் தவிக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் சிட்னி ஐந்தரை மணி நேரம் முன்னால். அவர் வேலை முடிந்து ஏழு மணிக்கு உட்கார்ந்தால் திருச்சியில் பகல் ஒன்றரை: சாப்பாட்டு நேரம், வீடு நிறைய ஆட்கள். வாரம் மூன்று நாள், இந்திய நேரம் பகல் இரண்டரை, இருபது நிமிடம் என்று வைத்தோம்.

பிணைத்தொகை. ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டுக்குப் போகிறவர் ஒரு தொகையை வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் போட்டுவிட்டுப் போவதுண்டு. திரும்பினால் திரும்பக் கிடைக்கும். நான் முதலில் இதை அவமானமாக எடுத்துக்கொண்டேன். பிறகு நானே முன்வந்து 10,000 என்றேன், சீட்டு எடுத்த பணம். மறுப்புக்கு அவர் தரப்பில் இருந்த பெரிய காரணம் அத்தோடு போயிற்று.

4. அதைக் கன்சென்ட் ஆர்டர் ஆக்குங்கள்

இருவரும் ஒத்துக்கொண்டதை நீதிமன்ற ஆர்டராக மாற்றுவதுதான் இது. நேரில் போக வேண்டாம், மீடியேஷன் சான்றிதழும் வேண்டாம். விண்ணப்பப் படிவம், ஆர்டர் வரைவு, இருவர் கையெழுத்து, இவற்றை காமன்வெல்த் கோர்ட்ஸ் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். கட்டணம் 200 டாலர் அளவில். சலுகை அட்டை இருந்தால் விலக்கு கேட்கலாம். எங்களுக்கு ஆறு வாரத்தில் முத்திரையோடு வந்தது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முதலில் கையெழுத்திட்டவர் சத்தியம் செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், அவர் காரில் வைத்து மறந்தார், காலம் கடந்தது, மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை இருவரும் ஒரே சனிக்கிழமை, ஒரே நூலகத்தில், ஒரே ஜேபி (கையெழுத்துக்குச் சாட்சி போட அரசு நியமித்தவர்) முன்னால் போட்டோம். பல நூலகங்களிலும் வணிக வளாகங்களிலும் ஜேபி உட்காரும் நேரம் எழுதிப் போட்டிருப்பார்கள், நியூ சவுத் வேல்ஸில் அவர்கள் காசு வாங்கக் கூடாது. கியூவில் எனக்கு முன்னால் அவர், அவருக்கு முன்னால் ஒரு பாட்டி இருபது நகல்களோடு. முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் நின்றோம்.

வரைவை நீங்களே எழுதினாலும் ஒரு மணி நேரம் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். என்னிடம் மணிக்கு 420 டாலர் வாங்கினார்கள். நியூ சவுத் வேல்ஸில் இருந்தால் அதற்கு முன் 1300 888 529 என்ற சட்டத் தகவல் எண்ணில் இலவசமாகக் கேளுங்கள். வழக்கறிஞர் எனக்குச் சேர்த்துத் தந்த ஒரே வரி அந்த 420-க்கும் தகும்: "பிள்ளை ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் பெறவும் வெளிநாடு செல்லவும் அனுமதிக்கப்படுகிறது." ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

5. பாஸ்போர்ட்

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பெற்றோர் பொறுப்பு உள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டும். குழந்தைப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான். அதைப் புதுப்பிக்கவும் முடியாது, ஒவ்வொரு தடவையும் புதிய விண்ணப்பம், புதிய சம்மதம். போன தடவை கையெழுத்துப் போட்டாரே என்பது செல்லாது.

"பிள்ளை அம்மாவிடம் வாழும்" என்று ஆர்டரில் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. வெளிநாடு செல்லவோ பாஸ்போர்ட் பெறவோ அனுமதி என்று வெளிப்படையாக இருக்க வேண்டும். அந்த வரி இருந்தால் மற்றவர் கையெழுத்து இல்லாமலே எடுக்கலாம். சம்மதமும் இல்லை, ஆர்டரும் இல்லை என்றால் பி-9 படிவத்தில் சிறப்புச் சூழ்நிலை என்று கேட்கலாம். அதில் ஆவணம் நிறையக் கேட்பார்கள், நாளும் ஆகும், கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கட்டணம் 200 டாலரைக் கொஞ்சம் தாண்டும். ஆறு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக் கூடுதல் பணம் கட்டும் வழி இருக்கிறது. ஆனால் சம்மதக் கையெழுத்தில் குறை இருந்தால் எவ்வளவு கட்டினாலும் நகராது. சம்மதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து குடும்பத்துக்கு வெளியில் உள்ளவருடையதாக இருக்கட்டும். சித்தி, மாமா எல்லாம் வேண்டாம்.

இந்தியாவுக்குள் நுழைய, பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். பிள்ளையுடையதைப் பார்த்துவிட்டு உங்களுடையதையும் பாருங்கள். நீங்கள் குடியுரிமை வாங்காமல் பிஆரில் (நிரந்தரமாகத் தங்கும் விசாவில்) இருந்தால், அதன் பயண அனுமதி ஐந்து ஆண்டுதான். அது முடிந்திருந்தால் வெளியே போவது எளிது, திரும்பி வரத்தான் முடியாது. பிள்ளை ஆஸ்திரேலியக் குடிமகள், அம்மா திருச்சியில் மாட்டிக்கொண்டாள் என்றால், திருப்பி அழைத்து வரவில்லை என்ற குற்றச்சாட்டு வேறு வரும்.

6. வாட்ச்லிஸ்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

ஃபெடரல் போலீஸ் வைத்திருக்கும் குடும்பச் சட்ட வாட்ச்லிஸ்ட் என்று ஒன்று உண்டு. நீதிமன்ற ஆர்டர் அல்லது தாக்கல் செய்த மனுவின் பேரில் பிள்ளையின் பெயரை அதில் ஏற்றலாம். பெயர் இருந்தால் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்றாலும் குடிவரவுக் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள்.

என் தோழி ஒருத்திக்கு நடந்தது: பிரிந்த புதிதில் கணவர் மனு போட்டுப் பெயரை ஏற்றினார். மூன்று வருடத்தில் கோபமெல்லாம் ஆறியது. அவரே டிக்கெட்டுக்குப் பாதிப் பணம் கொடுத்து, விமான நிலையத்துக்கும் கொண்டுவந்து விட்டார். உள்ளே நிறுத்திவிட்டார்கள். இவள் போன் பண்ண, அவர் வெளியிலிருந்து ஓடிவந்து "நான்தான் அப்பா, எனக்குச் சம்மதம்" என்று கத்தியும் நடக்கவில்லை. ஏற்றியதை எடுக்க நீதிமன்ற ஆர்டர் வேண்டும், இருவரும் வாயால் ஒத்துக்கொண்டால் போதாது. பெட்டியெல்லாம் இறக்கி வீட்டுக்குத் திரும்பினார்கள்.

சந்தேகம் இருந்தால் ஃபெடரல் போலீஸின் விசாரணைப் படிவத்தில் பெற்றோரே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெயர் இருந்தால், நீக்கும் வாசகத்தையும் கன்சென்ட் ஆர்டரிலேயே சேர்த்துவிட்டு, முத்திரையிட்ட நகலைப் போலீஸுக்கு அனுப்பி, நீக்கியாகிவிட்டது என்று பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

சைல்ட் அலர்ட் என்று இன்னொன்றும் உண்டு, இதோடு குழப்பிக்கொள்வார்கள். புதிய ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் கொடுக்கும் முன் அதிகாரிகளை யோசிக்க வைப்பது மட்டும்தான் அதன் வேலை. கையில் ஏற்கெனவே இருக்கும் பாஸ்போர்ட்டையும் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டையும் அது தடுக்காது. நீங்கள் பயப்படும் பக்கத்தில் இருப்பவர் என்றால் இதை நம்பி நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

7. விசா: ஓசிஐ வேண்டாம், இ-விசா போதும்

ஊரில் எல்லாரும் "பிள்ளைக்கு ஓசிஐ எடுத்துடு, தொல்லை இல்லை" என்பார்கள். ஓசிஐ என்பது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை. பிள்ளையின் ஓசிஐக்கு இருவர் கையெழுத்தும் வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. பிள்ளை இந்தியாவில் காலவரையின்றித் தங்க அது வழி செய்கிறது என்பதுதான் மறுப்பவர் கண்ணில் முதலில் படும். நான் முப்பது நாள் இ-டூரிஸ்ட் விசா என்று சொன்னேன். விசாவே ஒரு மாதத்தில் முடிகிறது என்றால் "அங்கேயே தங்கிவிடுவாள்" என்ற வாதத்துக்கு வலு குறைகிறது. ஓசிஐ இன்னும் சில வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

8. அப்படியும் சம்மதிக்கவில்லை என்றால்

மீடியேஷன் சான்றிதழோடு ஃபெடரல் சர்க்யூட் அண்ட் ஃபேமிலி கோர்ட்டில் மனு. கட்டணம் 400 டாலரைத் தாண்டும், இடைக்கால உத்தரவு கேட்டால் இன்னும் கூடும், வழக்கறிஞர் செலவு தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்னால் தொடங்குங்கள். கல்யாணத் தேதி குறித்துப் பத்திரிகை அடித்த பிறகு ஓடினால் நேரம் இருக்காது.

அங்கே பார்ப்பது: பயணம் எத்தனை நாள், காரணம் உண்மையா, பிள்ளைக்கு அதில் என்ன நன்மை, போகும் நாடு ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிறதா, பாதுகாப்பு எப்படி, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம். கடைசியதற்கு வேலைக் கடிதம், விடுப்புக் கடிதம், வீட்டுக் கடன் அல்லது வாடகை ஒப்பந்தம், அடுத்த வருடப் பள்ளிச் சேர்க்கை, திரும்பும் டிக்கெட் விவரம். அழுது பேசுவதைவிட ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவின் வயதுச் சான்றும் மருத்துவரின் கடிதமும் வேலை செய்யும்.

9. கிளம்பும் கோப்பு

விமான நிலையத்தில் யாரும் சம்மதக் கடிதம் கேட்காமலே போகலாம். என்னிடம் சிங்கப்பூரிலும் கேட்கவில்லை, திருச்சியில் கேட்டார்கள். காரணம் நம் பெயர் வைக்கும் முறை. மகளின் குடும்பப் பெயர் அவள் அப்பா பெயர், என் குடும்பப் பெயர் என் அப்பா பெயர். இரண்டு பாஸ்போர்ட்டிலும் ஒரு சொல்கூடப் பொருந்தாது. "யாரு இந்தக் குழந்தை?" என்று அதிகாரி தமிழில் கேட்டபோது எனக்கு முன்னால் அவளே "அம்மா" என்றாள், ஆனாலும் பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் வந்தோம்.

ஒரு பிளாஸ்டிக் கோப்பில்: பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ், முத்திரையிட்ட ஆர்டரின் நகல், ஜேபி முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், போக வர டிக்கெட், தங்கும் முகவரி, காப்பீடு, மருத்துவச் சிகிச்சைக்கு நீங்கள் முடிவெடுக்கலாம் என்ற ஒரு வரி. சம்மதக் கடிதத்தில் பிள்ளையின் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலிலேயே இருக்கட்டும். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், புறப்படும் தேதி, திரும்பும் தேதி, நாடுகள், மற்றவரின் தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். ஆர்டரில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து என்றால் இப்போதே சரிசெய்யுங்கள்.

தடுப்பூசிக்கு ஆறு வாரம் முன்னால் மருத்துவரைப் பாருங்கள். ஆறு வாரத்துக்கு மேல் வெளியே இருந்தால் சென்டர்லிங்க் குடும்ப உதவித்தொகை குறையலாம், அவர்களிடமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

டிக்கெட்? இவ்வளவும் முடிந்த பிறகு. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக.

10. ஊரில் இருக்கும்போதும் திரும்பிய பிறகும்

இறங்கியதும் ஒரு செய்தி, ஒரு படம். கேட்கும் முன்னால் அனுப்பிவிடுங்கள். அழைப்பு நேரத்தில் பிள்ளை விளையாட்டில் இருந்தாலும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். என் மகள் இரண்டாம் அழைப்பில் அப்பாவிடம் மாடியில் காயும் வடகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் காக்கா கொண்டுபோனதைச் சொன்னாள். இருபது நிமிடம் நாற்பதானது, நான் கணக்குப் பார்க்கவில்லை.

"வந்தது வந்தீங்க, இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போங்களேன்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அம்மா சொன்னார். அக்கா டிக்கெட் மாற்றும் பணத்தையே எடுத்து நீட்டினாள். தேதியைத் தாண்டினால் என்ன குற்றம் என்று மேலே சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே உடம்பு சரியில்லை, விமானம் ரத்து என்றால் உடனே மின்னஞ்சல், மருத்துவர் சீட்டு அல்லது விமான நிறுவனச் செய்தியோடு. புதிய திரும்பும் தேதிக்கு அவர் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆர்டர் இருப்பவர்கள் அதே நாளில் வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

திரும்பியதும் போர்டிங் பாஸை எறிந்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்து அவருக்கும், பிணைத்தொகை வைத்திருக்கும் வழக்கறிஞருக்கும் அனுப்புங்கள். எனக்குப் பத்தாயிரமும் ஒன்பதாம் நாள் கணக்கில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை அவரிடம் விடப் போனபோது, நேரமாகிவிட்டது என்று நான் காரை விட்டு இறங்கவில்லை. அவள்தான் பையிலிருந்து பாட்டி கொடுத்துவிட்ட முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாதி நொறுங்கியிருந்தது. அவர் அதைப் பிரித்து அங்கேயே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கார் அருகே வந்து, அடுத்த விடுமுறைக்கான 60 நாள் அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.